"வீட்ல சும்மாதாங்க இருக்கு..." - வேலைவாய்ப்புக் கணக்கில் விழும் ஓட்டை

இந்தியாவில் 2011-12ல் வேலையில்லாதவர்கள் எத்தனை சதவீதம்? ஒருவர் 2.2 என்பார். இன்னொருவர் 3.7 என்பார். மூன்றாமவர் 5.6 என்று அடித்துச் சொல்வார். மூன்று பேரும் படித்தது ஒரே சர்வேதான். தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் (என்.எஸ்.எஸ்.ஓ.) நடத்திய 68-வது சுற்று. மூன்று எண்களும் அதிலேயே இருக்கின்றன. யாரும் பொய் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். "போன ஒரு வருஷமா வழக்கமா என்ன செய்றீங்க?" என்று கேட்டால் 2.2 வருகிறது. "போன ஏழு நாள்ல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் 3.7. அந்த ஏழு நாளையும் அரை அரை நாளாக வெட்டி, எத்தனை அரை நாள் வேலை கிடைத்தது, எத்தனை அரை நாள் கிடைக்கவில்லை என்று எண்ணினால் 5.6. வாரக் கணக்கில் ஒரு விதி உண்டு. ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் இது டெல்லியில் உட்கார்ந்து யாரோ தந்திரமாகக் கண்டுபிடித்த விதி அல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) வரையறையிலும் இந்த ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. அமெரிக்காவிலும் அதே கதைதான்.

டிவி விவாதங்களில் கட்சிக்காரர்கள் தொண்டை வற்றக் கத்துவது பெரும்பாலும் இந்த வரையறைச் சண்டைதான். ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்றவர் எண்ணைப் பொய் என்பார்கள். அந்தச் சண்டையை விட்டுவிடலாம். எந்த வரையறை என்று தெரிந்தால் எண்ணைப் புரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வரையறை சரியாக இருந்தும், சர்வே நேர்மையாக நடந்தும், வீட்டு வாசலில் கேட்கப்படும் கேள்விக்கும் வரும் பதிலுக்கும் நடுவில் விழுகிற ஓட்டை. அதைப் பற்றி யாரும் கத்துவதில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் தெருவுக்கு நாலு இருக்கும். அப்பாவுக்கு ஒரு மளிகைக் கடை. அம்மா இரண்டு எருமை வளர்க்கிறார், பால் சொசைட்டிக்குப் போகிறது. பையன் பி.காம். முடித்துவிட்டு குரூப் தேர்வுக்குப் படிக்கிறான். அப்பா சரக்கு எடுக்க டவுனுக்குப் போகும்போது இரண்டு மணி நேரம் கடையில் உட்காருவான்.

காலை பதினோரு மணிக்கு கையில் டேப்லெட்டோடு சர்வேக்காரர் வருகிறார். அம்மா புல் அறுக்கப் போயிருக்கிறார். பையன் லைப்ரரியில். அப்பாதான் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறார்.

"வீட்டம்மா என்ன செய்றாங்க?"

"அது வீட்ல சும்மாதாங்க இருக்கு."

92. அதாவது 'வீட்டு வேலை மட்டும் செய்பவர்' என்பதற்கான குறியீடு. அந்த அம்மா அந்த நொடியில் நாட்டின் உழைப்புப் படையிலிருந்து வெளியேறிவிட்டார். சர்வேக்காரர் மட்டும் "மாடு யாரு பாத்துக்கறா? பால் எங்க ஊத்தறீங்க?" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதே அம்மா சொந்தத் தொழில் செய்பவர் (குறியீடு 11) அல்லது குடும்பத் தொழிலில் உதவுபவர் (குறியீடு 21) ஆகியிருப்பார். வருடத்தில் முப்பது நாள் அந்த வேலையைச் செய்தாலே துணை வேலை என்ற கணக்கில் அவரைச் சேர்க்க வேண்டும் என்பது என்.எஸ்.எஸ்.ஓ.வின் சொந்த விதி. இன்னும் சொல்லப்போனால் பாலை விற்க வேண்டும் என்றுகூட இல்லை. வீட்டுக் குடிக்கு மட்டும் மாடு வளர்த்தாலும், வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் நெல் போட்டாலும் இந்தியக் கணக்கில் அது பொருளாதார நடவடிக்கைதான். (அந்தப் பாலைக் கடைந்து வீட்டுக்கு நெய் காய்ச்சினால் மட்டும் அது வேலை இல்லை! நெல் விளைத்தால் வேலை, அதை வீட்டுக்குக் குத்தினால் வேலை இல்லை. இந்தக் கோடு எங்கே எதற்காகப் போடப்பட்டது என்று அந்த அம்மாவிடம் யார் விளக்குவது?)

பையன் கதை இன்னும் வேடிக்கை. அப்பா "பரிட்சைக்குப் படிச்சிட்டிருக்கான்" என்று சொன்னால் அவன் உழைப்புப் படைக்கு வெளியே போய்விடுவான். வேலையில்லாதவன் என்ற எண்ணில் வரமாட்டான். "வேலை தேடிட்டிருக்கான் சார், ஒண்ணும் அமையல" என்று சொன்னால் குறியீடு 81, வேலையில்லாதவன். "கடையைப் பாத்துக்கறான்" என்று கௌரவமாகச் சொன்னால் குறியீடு 21, வாரக் கணக்கில் வேலையில் இருப்பவன். மூன்றுமே உண்மை. பையன் ஒருவன்தான், வாரமும் ஒன்றுதான். அப்பாவின் அன்றைய மனநிலையையும் வந்தவர் கேட்ட தோரணையையும் பொறுத்து அவன் மூன்று விதமான இந்தியன் ஆகிறான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிது அல்ல. இருப்பாய்வு போட்டுப் பார்க்கிறோம், பற்றும் வரவும் பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது. அதனால் கணக்கு சரி என்று அர்த்தமா? ஒரு பில் ஏடுகளில் ஏறவே இல்லை என்றால் அது விடு பிழை. இருப்பாய்வுக்கு அது கடைசிவரை தெரியாது. இயந்திரம் வாங்கியதைக் கொள்முதலில் எழுதினால் அது விதிப் பிழை. அதுவும் தெரியாது. இரண்டு தவறு ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் ஈடுசெய் பிழை. அதுவும் தெரியாது. முதல் வருடமே வாத்தியார் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

வேலைவாய்ப்பு சர்வேயில் இருப்பாய்வின் இடத்தில் இருப்பது மாதிரிப் பிழை. எல்லா வீட்டையும் கேட்காமல் சில வீடுகளை மட்டும் கேட்பதால் வரும் பிழை. இதற்கு அழகான சூத்திரம் உண்டு, ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் பக்கம் பக்கமாக அட்டவணையும் உண்டு. 2017-18ல் நடந்த முதல் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் (பி.எல்.எஃப்.எஸ்.) 1,02,113 வீடுகள், 4,33,339 பேர். இவ்வளவு பெரிய மாதிரியில் நாடு முழுவதற்குமான எண்ணில் மாதிரிப் பிழை ரொம்பச் சின்னது. ஆனால் அந்த அட்டவணைக்கு எருமை மாட்டுக்கார அம்மாவைத் தெரியாது. ஒரு லட்சம் வீட்டில் "சும்மாதாங்க இருக்கு" என்று பதில் வந்தால், பத்து லட்சம் வீட்டுக்குப் போனாலும் அதே "சும்மாதாங்க"தான் வரும்.

2025 ஜனவரியிலிருந்து பி.எல்.எஃப்.எஸ். மாற்றியமைக்கப்பட்டது. வருடத்துக்கு சுமார் 2.72 லட்சம் வீடுகள், முன்பைவிட ஏறத்தாழ 2.65 மடங்கு. மாதாமாதம் எண் வெளிவர ஆரம்பித்தது. முதல் மாத அறிக்கை 2025 மே மாதம் வந்தது, ஏப்ரல் மாதத்துக்கு 5.1 சதவீதம். நல்ல விஷயம்தான், சீக்கிரம் எண் கிடைப்பது யாருக்குக் கசக்கும்? ஆனால் மாதிரியைப் பெருக்கினால் பிழை குறைந்துவிட்டது என்று சொல்வது, தராசில் எடை தவறு என்று புகார் சொன்னவனிடம் "இனிமே ரெண்டு தடவை நிறுத்துத் தர்றோம்" என்று சொல்வது போல. அதே தராசில்தானே?

இதெல்லாம் நூலில் ஊசி கோர்க்கும் வாதம், ஒரு கேள்வியால் அவ்வளவு மாறிவிடுமா என்று தோன்றலாம். அதற்கு 1971-க்குப் போக வேண்டும்.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்களில் வேலை செய்பவர்கள் சுமார் 28 சதவீதம். பருவ வேலையில் பருவத்தின் பெரும்பகுதியில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தாலே தொழிலாளி என்று அப்போது எழுதினார்கள். 1971ல் கேள்வியை மாற்றினார்கள். "உங்கள் முக்கியமான வேலை எது?" என்று முதலில் கேட்டார்கள். வயலில் நாற்று நட்டு, களை பறித்து, மாடு பார்த்து, அதற்கு நடுவே சமைத்துப் பிள்ளை வளர்க்கிற பெண்ணிடம் முக்கிய வேலை எது என்று கேட்டால் என்ன சொல்வார்? பத்து வருடத்தில் பெண்களின் வேலை விகிதம் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. ஆண்களுக்கோ நாலைந்து புள்ளிதான் குறைந்தது. கோடிக்கணக்கான பெண்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடவில்லை. பசுமைப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது, வயலில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. மாறியது தாளில் இருந்த ஒரு கேள்வி.

பிறகு 1981ல் இந்த விகிதம் 19.7 ஆக ஏறியது. 1991ல் "குடும்ப வயலிலோ தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையையும் சேர்த்து" என்று கேள்வியிலேயே எழுதினார்கள், 22.3 ஆனது. இந்த நாலு புள்ளியையும் ஒரு கோடாக வரைந்து, அதன் கீழே 'இந்தியப் பெண்களின் வேலைவாய்ப்பு: முப்பது வருடப் பயணம்' என்று தலைப்பு போட்டால் எப்படி இருக்கும்? பயணம் செய்தது பாதி கேள்வித்தாள்தான்.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. அமெரிக்காவில் 1994 வரை மாத சர்வேயின் முதல் கேள்வி, போன வாரம் பெரும்பாலும் என்ன செய்தீர்கள், வேலையா, வீட்டைப் பார்த்துக்கொண்டீர்களா, படிப்பா, வேறு ஏதாவதா என்கிற மாதிரி இருந்தது. ஆளைப் பார்த்துக் கேள்வியை மாற்றிக்கொள்ளக் கேட்பவருக்கு அனுமதி உண்டு. கதவைத் திறப்பது பெண் என்றால் வாயில் முதலில் வருவது 'வீட்டைப் பார்த்துக்கொண்டீர்களா' என்பதுதான்! 1994ல் அதை மாற்றி, வீட்டில் யாருக்காவது கடையோ பண்ணையோ உண்டா என்று கேட்டுவிட்டு, பிறகு கூலிக்கோ லாபத்துக்கோ ஏதாவது வேலை செய்தீர்களா என்று நேராகக் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் இன்னொன்று உண்டு. மாற்றுவதற்கு முன் ஒன்றரை வருடம் பழைய சர்வேயோடு புதியதையும் தனியாக நடத்தி, கேள்வியால் மட்டும் எண் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார்கள். 1961-க்கும் 1971-க்கும் நடுவே அப்படி ஒரு ஒப்பீடு இருந்திருந்தால் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் மிச்சமாகியிருக்கும்.

தான்சானியாவில் உலக வங்கி ஆய்வாளர்கள் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள் (2011ல் வெளிவந்தது). சில வீடுகளில் விரிவான கேள்வித்தாள், சிலவற்றில் சுருக்கமானது. சிலரிடம் நேரடியாக, சிலருக்காக வீட்டில் வேறொருவர் பதில். கிடைத்த முடிவு பலர் எதிர்பார்க்காதது. பிறர் பதில் சொன்னபோது குறைந்தது ஆண்களின் வேலை விகிதம்தான், பெண்களுடையது மாறவில்லை. பெண்களுடையது குறைந்தது சுருக்கமான கேள்வித்தாளில். ஆக, "அப்பா பதில் சொன்னதுதான் தப்பு, அம்மாவையே கேட்டிருந்தால் சரியாகியிருக்கும்" என்று சுலபமாக முடித்துவிட முடியாது. அம்மாவைக் கேட்டிருந்தால் அவரும் "நான் வீட்லதாம்பா இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார். மாட்டைப் பற்றிக் கேட்டால்தான் மாடு வெளியே வரும்.

என்.எஸ்.எஸ்.ஓ.வுக்கு இது தெரியாமல் இல்லை. பழைய ஐந்தாண்டுச் சுற்றுகளில், வீட்டு வேலை மட்டும் என்று பதிவான பெண்களிடம் தோட்டம் போடுகிறீர்களா, கோழி மாடு வளர்க்கிறீர்களா, விறகு பொறுக்குகிறீர்களா, தைக்கிறீர்களா என்று தனியாகக் கேட்டு தனி அறிக்கையே போட்டிருக்கிறார்கள். தெரிந்தும் தலைப்பு எண்ணில் அது வருவதில்லை.

இப்போது சமீபத்திய சண்டைக்கு வரலாம். 2017-18ல் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புப் படையில் இருந்தவர்கள் 23.3 சதவீதம். 2023-24ல் 41.7. ஆறே வருடத்தில்! கிராமத்தில் மட்டும் பார்த்தால் 24.6-லிருந்து 47.6, கிட்டத்தட்ட இரட்டிப்பு. அரசாங்கம் இதைச் சாதனை என்கிறது. எதிர்த்தரப்பு "எல்லாம் வறுமையால் கூலியில்லா வேலைக்குப் போனவர்கள்" என்கிறது. இரண்டு பேருமே அந்தப் பெண்கள் 2017-18ல் உண்மையிலேயே வீட்டில் 'சும்மா' இருந்தார்கள் என்று ஒப்புக்கொண்டுதான் பேசுகிறார்கள். அதுதான் விசித்திரம்.

ஒரு விவரம். 2017-18ல் வேலையில் இருந்த பெண்களில் 51.9 சதவீதம் சுயதொழில். 2023-24ல் 67.4. அதிலும் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர்கள் மட்டும் 31.7-லிருந்து 36.7. அதாவது உயர்வில் பெரும்பங்கு வந்திருப்பது எந்த இடத்தில் 92-க்கும் 21-க்கும் நடுவே ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறதோ அந்த இடத்தில். கொரோனா காலத்தில் நகரத்திலிருந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள், குடும்ப வருமானம் விழுந்தது, பெண்கள் வயலிலும் கடையிலும் கூடுதலாக இறங்கினார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உயர்வும் அதுதான் என்று நம்புவது கஷ்டம். அதே சர்வேக்காரர்கள் வருடக்கணக்கில் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு நன்றாகத் துருவக் கற்றுக்கொண்டார்கள் என்றாலும் எண் ஏறும். எது எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால் 1994-க்கு முன் அமெரிக்கர்கள் செய்தது போன்ற ஒப்பீடு வேண்டும்.

மறுபக்கம் சி.எம்.ஐ.இ. என்ற தனியார் நிறுவனத்தின் சர்வே. அவர்கள் கணக்கில் பெண்களின் பங்கேற்பு பத்து சதவீதத்தை ஒட்டியே வந்திருக்கிறது. 40 எங்கே, 10 எங்கே! ஆண்கள் விஷயத்தில் இரண்டு சர்வேயும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சி.எம்.ஐ.இ. வருடத்தையோ வாரத்தையோ கேட்பதில்லை, அன்றைய நிலையைக் கேட்கிறது. காலையில் போய் மாலையில் வரும் ஆம்பளை வேலையை எந்தக் கேள்வியாலும் பிடித்துவிடலாம். துண்டு துண்டாக, வீட்டு வேலைக்கு நடுவே, கூலியில்லாமல் நடக்கிற வேலைதான் கேள்விக்குக் கேள்வி நழுவுகிறது. ஆக, பிழை எல்லார் மேலும் சமமாகத் தூறும் மழை இல்லை. அது சில தலைகளில் மட்டும் விழுகிறது.

அந்தப் பெண்கள் எத்தனை நேரம் 'சும்மா' இருக்கிறார்கள் என்பதற்கும் அரசாங்கத்திடமே எண் இருக்கிறது. 2024ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளுக்கு 289 நிமிடம். ஆண்களுக்கு 88. சமையலும் துணி துவைப்பதும் வேலைவாய்ப்பு இல்லை என்று வரையறை சொல்வதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டாலும், ஐந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் அப்படி உழைத்துவிட்டு மாட்டையும் பார்த்துக்கொள்பவரின் மாடுகூடக் கணக்கில் வரவில்லை என்பதுதான் இங்கே பிரச்சினை.

இன்னொரு விதமான பிழையும் இருக்கிறது. எந்தப் பக்கமும் சாயாத, வெறும் கை தவறிய பிழை. குறியீடு மாற்றித் தட்டியது, கேள்வி காதில் சரியாக விழாதது. இதெல்லாம் இருபக்கமும் நடக்கும், ஈடுசெய் பிழையாகி அடிபட்டுப் போய்விடும் என்று தோன்றும். போகாது! ஆயிரம் பேர் இருக்கிறார்கள், 950 பேர் வேலையில், 50 பேர் வேலையில்லாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபக்கமும் இரண்டே இரண்டு சதவீதம் தவறாகப் பதிவாகிறது. 950-ல் 19 பேர் வேலையில்லாதவர் ஆகிறார்கள். 50-ல் ஒருவர் வேலையில் இருப்பவர் ஆகிறார். இப்போது வேலையில்லாதவர் 50 அல்ல, 68. ஐந்து சதவீதம் 6.8 ஆகிவிட்டது. பிழை விகிதம் இருபக்கமும் ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கம் கூட்டம் பெரிது, மறுபக்கம் சிறிது.

கதை அதோடு நிற்காது. அதே வீடுகளுக்கு அடுத்த தடவை போகும்போது அந்த 19 பேரில் பெரும்பாலானவர்களுக்கும் சரியான குறியீடு விழும். புள்ளிவிவரம் என்ன சொல்லும்? வேலையில்லாத 68 பேரில் 18, 19 பேருக்கு மூன்றே மாதத்தில் வேலை கிடைத்துவிட்டது! உண்மையில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அமெரிக்கத் தரவை வைத்து ஜேம்ஸ் பொடெர்பாவும் லாரன்ஸ் சம்மர்ஸும் 1986ல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது. பதிவுப் பிழைகளைத் திருத்திப் பார்த்தால், வேலையில்லாமல் இருக்கும் காலம் வழக்கமான கணக்கு சொல்வதைவிட மிகவும் நீண்டது. ஒரு வருடமாக வேலை தேடி அலைகிறவனிடம் "சந்தையில் ஆட்கள் சீக்கிரம் சீக்கிரம் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், உனக்கு மட்டும் ஏன் கிடைக்கலை?" என்று கேட்கிற எண் அது. டிகிரி முடித்தவர்களுக்கு இது வெறும் தியரி இல்லை.

சர்வே வேண்டாம், நிறுவனங்களின் பதிவேட்டையே எடுத்துக்கொள்ளலாமே என்பவர்களும் உண்டு. 2018லிருந்து பி.எஃப். சந்தாதாரர் எண்ணிக்கை மாதாமாதம் வருகிறது, உடனே 'இத்தனை லட்சம் புதிய வேலை' என்று தலைப்பும் வருகிறது. பத்தொன்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் இருபதாவதாக ஒருவரைச் சேர்த்தால் பி.எஃப். சட்டம் அங்கே பாயும், இருபது பேரும் புதிதாகப் பதிவாவார்கள். கிடைத்த வேலை ஒன்று, பதிவேட்டில் இருபது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

இவ்வளவு ஓட்டை இருக்கிறது என்றால் அரசாங்கம் எண்ணை ஒளிப்பதும் அதிகாரியைத் துரத்துவதும் நியாயம்தானே என்று யாராவது கிளம்பலாம். அப்படித்தான் நடந்தும் இருக்கிறது. 2017-18 அறிக்கை தயாராகியும் வெளிவரவில்லை, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரண்டு உறுப்பினர்கள் 2019 ஜனவரியில் விலகினார்கள், அந்த மாதக் கடைசியில் 6.1 சதவீதம் என்ற எண் பத்திரிகையில் கசிந்தது. தேர்தல் முடிந்து மே 31 அன்றுதான் அதிகாரபூர்வமாக வந்தது, அதே 6.1. "புதிய முறை, பழைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது" என்றார்கள். பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து வீடுகளைப் பிரித்தெடுத்தது புதியதுதான். ஆனால் எந்த வகை வீட்டைக் கூடுதலாக எடுத்தாலும் அதற்கேற்ற எடை போட்டுத்தான் மதிப்பீடு செய்கிறார்கள். புள்ளியியல் பேப்பர் பாஸ் செய்த யாருக்கும் இது தெரியும் :-)

அமெரிக்காவில் 2025 ஆகஸ்ட் 1 அன்று, மே, ஜூன் மாத வேலை எண்ணிக்கை இரண்டையும் சேர்த்து 2,58,000 குறைத்துத் திருத்தினார்கள். அன்றைக்கே தொழிலாளர் புள்ளியியல் துறையின் தலைவர் எரிகா மெக்கென்டார்ஃபரை அதிபர் டிரம்ப் நீக்கினார். தாமதமாக வந்த நிறுவனங்களின் பதிலைச் சேர்த்து எண்ணைத் திருத்துவது அங்கே மாதாமாதம் நடக்கிற வேலை. திருத்தியதற்காகத் தலையை எடுத்தால் அடுத்து வருபவர் என்ன பாடம் கற்றுக்கொள்வார்? பிரிட்டனில் நடந்தது வேறு மாதிரி. அங்கே 2023ல் கதவைத் திறந்து பதில் சொல்பவர்களே 17.3 சதவீதமாகக் குறைந்துபோய், அக்டோபரில் அந்த சர்வே எண்களை வெளியிடுவதையே தற்காலிகமாக நிறுத்தினார்கள். கௌரவமான காரியம்.

அதைவிடப் பாராட்ட வேண்டியது 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்தது. கொரோனாவால் கடை மூடி வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் பலரை 'வேலையில் இருக்கிறார், வேறு காரணங்களுக்காக வரவில்லை' என்று சர்வேக்காரர்கள் பதிந்துவிட்டார்கள். 'தற்காலிகமாக வேலை இழந்தவர்' என்று பதிய வேண்டியவர்கள் அவர்கள். வேலையில்லாத் திண்டாட்டம் 14.7 சதவீதம் என்று அறிவித்த அதே அறிக்கையில், இந்தப் பிழை நடந்திருக்கிறது, அவர்களைச் சேர்த்தால் விகிதம் கிட்டத்தட்ட ஐந்து புள்ளி கூடும் என்று துறையே எழுதியது. தலைப்பு எண்ணைக் கையால் திருத்தவில்லை, பதிவான பதிலை மாற்றுவதில்லை என்பது அவர்கள் வழக்கம். ஆனால் எண்ணையும் போட்டார்கள், அதன் ஓட்டை எவ்வளவு பெரியது என்பதையும் பக்கத்திலேயே போட்டார்கள்.

இந்திய மாத அறிக்கையிலும் அப்படி ஒரு பத்தி வர முடியும். 2.72 லட்சம் வீடுகளில் நூற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் 2,720 வீடு. ஒரு வாரத்துக்குள் வேறொரு சர்வேக்காரர், முடிந்தால் ஒரு பெண், அந்த வீட்டுக்குத் திரும்பப் போய், வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரையும் நேரடியாக, நீளமான கேள்வித்தாளோடு கேட்கலாம். மாடு, கோழி, தையல், கடையில் உட்கார்ந்தது, டியூஷன் எடுத்தது எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் தடவை 92 என்று விழுந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் தடவை 11 அல்லது 21 ஆனார்கள், படிக்கிறான் என்று எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் 81 ஆனார்கள் என்று ஒரு சின்ன அட்டவணை. அதை மாத அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போட்டால்கூடப் போதும்.